அழுங்குக்குக் கூடு பறிக்கப் போன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தின் கிளைகளை வெட்டினார்கள். நான் முன்பக்கம் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். கிளையோடு சேர்ந்து ஒரு முசுறுக் கூடு விழுந்து உடைந்திருக்க வேண்டும். நசுங்கிய சிவப்பெறும்பின் அந்தப் புளிப்பு வாடை, மூக்குக்குள் ஊசி ஏற்றுவது போன்ற வாடை, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. என் கை மாட்டுக்குள் இருந்தது. மாட்டைப் பிடித்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சினை நிற்கவில்லையா என்று கேட்டார். நிற்கிறது, நாலு மாதம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனேன். குழாயைத் திறந்தவள் மூடாமல் அப்படியே நின்றிருக்கிறேன். யாரோ வந்து மூடினார்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நாள் போனால் ஆறிவிடும் என்று சொன்னவர்கள் எல்லோரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு ஆறவில்லை. நான் சோகமாக இருப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். சோகம் இல்லை அக்கா, கோபம். யார் யார் மேல் என்று வரிசையாகச் சொன்னால் அதில் உங்கள் பெயரும் வரும். என் பெயர் முதலில் வரும்.

அந்தச் சாக்கை நீங்கள்தான் பிரித்தீர்கள். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். மலையடிவாரத்தில் பழைய குடியிருப்பு இரண்டை ஒன்றாக்கி, வெளியே வனவிலங்கு மருத்துவமனை என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு குளிர்சாதனப் பெட்டி, நீங்கள், நான். அவ்வளவுதான் மருத்துவமனை. மரவள்ளிக் கொல்லை ஓரம் சுருக்கில் மாட்டிக் கிடந்தது என்று வனக்காவலர் ஒருவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். சாக்கைப் பிரித்ததும் பெரிய பலாக்காய் ஒன்று உருண்டு வந்தது. ஓட்டுக்கு மேல் ஓடு அடுக்கிய மாதிரி செதில்கள். தலை எங்கே வால் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் எறும்புத்தின்னியைப் பற்றி ஒரே ஒரு பக்கம் படித்திருந்தேன். உயிரோடு பார்ப்பது அதுவே முதல் தடவை.

"அழுங்குங்க டாக்டரம்மா" என்றீர்கள். மலைமேல் உங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். சின்ன வயதில் உங்கள் அப்பாவோடு தேன் எடுக்கப் போனபோது பார்த்ததாகவும், அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை என்றும் சொன்னீர்கள்.

மயக்க ஊசி போட்டு அந்த உருண்டை மெல்லத் தளர்ந்தபோதுதான் கம்பி தெரிந்தது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயர். பன்றிக்கு வைத்த சுருக்கு. வலது முன்னங்காலில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. மண் தோண்டும் நகங்களில் இரண்டு இல்லை. நான் கம்பியை வெட்டி எடுத்து, புழுவைக் கழுவி, தையல் போட்டேன். வயிற்றுப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்த நீங்கள் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தீர்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்று அசைந்தது.

இது பிழைக்காது என்று நான் சொன்னேன். அழுங்கு அடைத்து வைத்தால் சாப்பிடாது, பட்டினி கிடந்தே சாகும் என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. அதையும் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க மருந்தப் போடுங்க. சோறு நான் போடறேன்" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முட்டையும் பாலும் கலந்து குழாய் வழியாக நான் கொடுத்ததை அது வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் காலையில் நீங்கள் வந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. புடவைக்கு மேல் உங்கள் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, எறும்பு ஏறாமலிருக்கக் கையெல்லாம் அடுப்புச் சாம்பல். சாக்குக்குள் இலையோடு இலை தைத்த எறும்புக் கூடுகள். ஒன்றை எடுத்துக் கூண்டின் தரையில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினீர்கள். இடுக்கு வழியாக இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த உருண்டையிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. முழ நீளத்துக்கு ஒரு நாக்கு. கூட்டுக்குள் போனது, வந்தது, போனது, வந்தது. நீங்கள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தீர்கள். சந்தோஷத்தில்தான். இரண்டு நாள் வலித்தது.

அன்றைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள். எப்போதும் அப்படித்தான். ஆய்வுக்கு வந்த யாரோ ஒருவர், உதவியாளர் எப்படி டாக்டர் நாற்காலியில் உட்காரலாம் என்று என்னிடம் கேட்டதற்கு, டாக்டர் நின்றுகொண்டு வேலை செய்கிறார், நாற்காலி சும்மாதானே கிடக்கிறது என்று நீங்களே பதில் சொல்லி அனுப்பினீர்கள்.

பதினோராம் நாள் குட்டி பிறந்திருந்தது. நான் வந்தபோது நீங்கள் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினீர்கள். தாய், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய்ச் சுருண்டிருந்தது. சுருளுக்கு நடுவில் ஒரு கையளவு உயிர். செதில்கள் இன்னும் இறுகவில்லை. பச்சைக்குழந்தையின் நகம் போல வெளுத்து, மிருதுவாக, ஈரமாக. நான் எடை பார்க்க வேண்டும் என்றேன். எடை பார்த்து இன்னா பண்ணப் போறீங்க என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் பண்ணப் போவதில்லைதான். எடை பார்க்கவில்லை.

சில நாளில் குட்டி தாயின் வால்மேல் ஏறிக்கொண்டது. மூன்று காலில் நொண்டி நொண்டித் தாய் கூண்டைச் சுற்றிவர, குட்டி வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும். "சங்கராபுரம் பஸ்ஸுல தொங்கிகினு போறாப்புல போவுது பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த ஒரு வேடிக்கைக்காகவே இரண்டு பேரும் சீக்கிரம் வேலைக்கு வந்தோம்.

சேதி வெளியே போனது. அதிலிருந்துதான் என் கோபம் தொடங்குகிறது. ஒருவர் வந்து தன் பேரனுக்குத் தாயத்தாகக் கயிற்றில் கோக்க ஒரு செதில் வேண்டும் என்றார். சும்மா உதிர்ந்தது இருந்தால் போதும் என்று அடக்கமாகக் கேட்டார். இன்னொரு நாள் எனக்கு மேலே இருந்த அதிகாரி தன் குடும்பத்தோடும், நண்பர் குடும்பத்தோடும் காரில் வந்து இறங்கினார். அது சுருண்டு கிடந்தால் படத்தில் நன்றாக வராதாம். கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொன்னார். நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கூண்டு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள்.

"புள்ள பெத்தவள வேடிக்க பாக்க வந்துக்கிறீங்களா?" என்று அதிகாரியின் மனைவியிடம் நேராகக் கேட்டீர்கள். அவர் முகம் சிவந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி உங்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு, ஆட்களை அடக்கி வைக்கத் தெரியவில்லை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்கா, அங்கேயே என்னை நீங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் எப்படிப்பட்டவள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கார்த்திகைக் கடைசியில் அந்தப் பன்றி வந்தது. டிராக்டர் டிப்பரில் இரண்டு பேர் கொண்டுவந்து தள்ளினார்கள். காட்டு ஓரம் செத்துக் கிடந்தது என்றார்கள். எந்த இடம் என்று நீங்கள் கேட்டதற்கு, அந்தாண்ட என்று மலையைக் காட்டினார்கள். அவர்கள் போன பிறகு எதனால் செத்தது என்று அறுத்துப் பார்த்தோம். காலை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். மூக்கின் மேல் கருகிய கோடு. முன்னங்கால் முட்டிக்குக் கீழே இன்னொரு கோடு. இரத்தம் உறையாமல் தார் போல இருந்தது. படித்தவளுக்கும் தெரியும், படிக்காதவருக்கும் தெரியும். மோட்டார் கொட்டாயிலிருந்து கரண்டு எடுத்துக் கொல்லையைச் சுற்றி வெறுங்கம்பி ஓட்டியிருக்கிறார்கள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் அதிகாரியின் போன் வந்தது. அவருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. பன்றி செத்தது யாருடைய மக்காச்சோளக் கொல்லையில் என்று அவரே சொன்னார். பேர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஆள். வழக்கு என்று போனால் பத்துத் தலைவலி, மான்கூட இல்லை, பன்றிதானே என்றார். காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்று போட்டுவிடுங்கள், கம்பியை எடுக்கச் சொல்லி நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

அறிக்கையில் இறப்பின் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சின்னக் கட்டம்தான். அதில் அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இன்னா எழுதனீங்க?" என்று கேட்டீர்கள்.

தெரியவில்லை என்று எழுதினேன் என்றேன்.

"உங்களுக்குத் தெரியலன்னா வேற யாருக்குங்க தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பன்றியை இழுத்துப் புதைக்கப் போனீர்கள். கோபித்துக் கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்து, சண்டை போட்டு, எந்தக் கொல்லை என்பதையும் சொல்லித் தொலைத்திருப்பேன். நீங்கள் கத்தவில்லை. நான் சொல்லவில்லை. கம்பியை எடுத்துவிடப் போகிறார்கள், எதற்கு இன்னும் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டு என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது.

மார்கழியில் பக்கத்து மரங்களில் கூடுகள் தீர்ந்துபோயின. பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு நாள் பசி ஜாஸ்தி. மலைமேல் போய் ஏற்றிக்கொண்டு வர ஜீப் கேட்டு மூன்று முறை எழுதினேன். எறும்புக்கு ஜீப்பா என்று கேட்டுச் சிரித்தார்களாம். தாய் கதவைச் சுரண்ட ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் கிளம்பும்போது நீங்கள் சொன்னீர்கள். மறுநாள் உங்களுக்கு விடுமுறை. "ஏரிக்கு அந்தாண்ட மாந்தோப்புல கூடு நெறைய தொங்குதாங்க. காலையில போய்ப் பறிச்சினு வந்து குடுத்துட்டு அப்பறமா வூட்டுக்குப் போறேன்."

சரிக்கா என்றேன்.

அந்தத் தோப்புக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரோட்டில் சுற்றாமல் நடந்து போகிறவர்களுக்கு அந்த ஆளின் கொல்லை வரப்புதான் வழி. எனக்கு அது தோன்றவே இல்லை என்று ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஒரு நொடி தோன்றியது. கம்பியை எடுத்திருப்பார்கள் என்று அந்த நொடியே அதை அழுத்தி மூடினேன்.

காலையில் எட்டு மணி வரைக்கும் நீங்கள் வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வராமல், "உங்காண்ட வேல செய்ற அம்மா சோளக் கொல்லையாண்ட வுழுந்து கெடக்குதுங்க" என்றார். எந்தக் கொல்லை என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போனேன். அதை அவர் கவனித்திருந்தால், எந்தக் கொல்லை என்று எனக்கு முன்பே தெரியும் என்பது அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும்.

நீங்கள் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். பக்கத்தில் சாக்கு நிறையக் கூடுகள் இருந்தன. பனியில் வரப்பெல்லாம் நனைந்திருந்தது. உங்கள் சட்டைக் கையில் ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. ஆனால் முகத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது, நீங்கள் தட்டிவிடவில்லை. என் துப்பட்டாவால் துடைத்தேன். பிறகு புடவையைச் சற்று விலக்கிக் காலைப் பார்த்தேன். நான் அதே கருகிய கோட்டை முன்பே பார்த்தவள். பன்றிக்கு முட்டிக்குக் கீழே. உங்களுக்குக் கணுக்காலுக்கு மேலே.

கம்பி அங்கே இல்லை. குச்சி நட்ட குழிகள் வரிசையாக இருந்தன. குழிக்குள் மண் ஈரமாக, புதிதாக இருந்தது. அக்கா, உங்களைப் பார்த்தவர்கள் முதலில் உங்களைத் தொட்டுத் தூக்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கம்பியைச் சுருட்டினார்கள். குச்சிகளைப் பிடுங்கினார்கள். எல்லாவற்றையும் கொண்டுபோய் மறைத்துவிட்டு, அதற்கப்புறம் கூப்பாடு போட்டார்கள். இரண்டு வருஷமாக எதை நினைத்தாலும் நான் அந்த நேரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். கம்பியைச் சுருட்டிய அந்த நேரத்தில்.

கூடியிருந்தவர்களில் ஒருவர் மாரடைப்பாக இருக்கும் என்றார். கொல்லைக்காரனின் உறவுக்காரர் ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றுகொண்டு, "வெடிகாலையில இவுளுக்கு இங்க இன்னா வேல? கதுரு ஒடிக்க வந்துருப்பா" என்றார். நான் உங்கள் சாக்கை அவிழ்த்து அவர் காலடியில் கொட்டினேன். அவர் குதித்துக்கொண்டு ஓடினார். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மத்தியானம்தான் மலையிலிருந்து இறங்கி வந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். அவர் அதிகம் பேசாதவர் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அழவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"அங்க கம்பி போட்டுக்கினு இருந்தது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன்.

"அதுக்குத் தெரியுமா?"

தெரியாது, நான் சொல்லவில்லை என்றேன்.

என்னை அடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், பழைய இடத்திலேயே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். பன்றியின் படங்களைக் காட்டினேன். அறிக்கையில் நான் எழுதியது பொய், யார் சொல்லி எழுதினேன், எந்தக் கொல்லை என்று எனக்கு எப்போது தெரியும், எல்லாவற்றையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி போன் செய்தார். வேலையை நினைத்துப் பாரும்மா என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். கம்பியை எடுக்கச் சொன்னீர்களா என்று கேட்டேன். வேலைப் பளுவில் மறந்துவிட்டது என்றார். மறந்துவிட்டது. குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர் சொல்வது மாதிரி. அவர் அப்புறம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, சில மாதம் கழித்து இந்தக் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது.

ஆனால் உங்களை அடக்கம் செய்த மறுநாளே தாய்க்குப் பசித்தது. குட்டிக்குப் பால் வேண்டும். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே போய் மரம் ஏறிப் பார்த்தேன். கழுத்தெல்லாம் கடி வாங்கி, இரண்டே இரண்டு கூடு கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் காலையில் மருத்துவமனை வாசல் கம்பிக்கதவில் ஒரு சாக்கு தொங்கியது. உள்ளே எறும்புக் கூடுகள். அதற்கு மறுநாளும் தொங்கியது. ஒரு நாள் சீக்கிரமே வந்து பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரர். மலைமேலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சாக்கை மாட்டிவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போகிறார். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு அவர் வரவில்லை. அது எனக்குத் தெரியும். நீங்கள் பாதியில் விட்ட வேலை. அதை முடிக்க வந்தார், பங்குனி வரைக்கும், ஒரு நாள் விடாமல்.

பங்குனியில் இரண்டையும் விட்டோம். ஊர்களுக்கு எட்டாத, கரையான் புற்று நிறைந்த ஒரு சரிவில். பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் தூக்கினார், இன்னொரு பக்கத்தை வனக்காவலர் ஒருவர் தூக்கினார். கதவைத் திறந்ததும் தாய் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து, இரண்டு நகம் இல்லாத காலால் மண்ணைக் கீறிப் பார்த்தது. குட்டிக்கு அப்போது செதில் இறுகி நிறம் வந்துவிட்டது. தனியாக நடக்கும் வயதுதான். இருந்தும் வாலில் ஏறிக்கொண்டது. தாய் நொண்டிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது. என்னோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கை தட்ட வேண்டியவர் அங்கே இல்லை. நீங்கள் ஏன் அன்றைக்கு ரோட்டு வழியாகச் சுற்றிப் போகவில்லை? விடுமுறை நாளில் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? வரப்பில் நடக்கும்போது கீழே பார்த்து நடக்கக்கூடாதா? சொல்லிவிட்டேன். இதுதான் உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம். நியாயம் இல்லாத கோபம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

போன மாதம் நீதிமன்றத்தில் என்னை விசாரித்தார்கள். கொல்லைக்காரன் ஜாமீனில் வெளியே வந்து வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவன் வக்கீல் என் பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டி, அப்போது ஒன்று எழுதினீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள், இரண்டில் எது பொய் என்று கேட்டார். அவர் நான் திணறுவேன் என்று நினைத்திருக்கிறார். முதலில் எழுதியதுதான் பொய், தெரிந்தேதான் எழுதினேன் என்றேன். பின்வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் இருந்தார். நான் படி இறங்கி வந்தபோது அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். தீர்ப்பு எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியாது.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். நானும் கொல்லைக்காரர் வீட்டுப் பெண்தான் என்று உங்களுக்குத் தெரியும். நைனார்பாளையத்தில் எங்கள் கொல்லையிலும் மக்காச்சோளம்தான். கார்த்திகைத் தீபத்துக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டாய்க்குள் என் அண்ணன் மூங்கில் குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதுக் கம்பி, ஒரு வளையம். உங்களைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே தெரியும், முழுசாகத் தெரியும். தெரிந்தும் சீவிக்கொண்டிருந்தான்.

"பன்னி கூட்டமா வந்து உருட்டிட்டுப் போவுது. நீ வந்து காவல் இருப்பியா?" என்று கேட்டான்.

அவன் சொல்வதும் உண்மைதான். நட்டு, உரம் போட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே இரவில் எல்லாம் போய்விடுகிறது. அதைப் பார்த்து எங்கள் அப்பா வரப்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கம்பி வளையத்தைத் தூக்கினேன். அவன் ஒரு பக்கம் பிடித்தான். அம்மா ஓடிவந்து நடுவில் நின்றார். நான் விடவில்லை. கொல்லையைச் சுற்றி இதை ஓட்டினால் காலையில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் முதல் ஆள் நான்தான் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கொடுத்தவள் என்பதால் நம்பினான். கையை விட்டான். தீபத்துக்குச் சாப்பிடாமலேயே கிளம்பி வந்தேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்தான். பன்றிகள் இறங்கிப் பாதிக் கொல்லையை மேய்ந்துவிட்டன, எல்லாம் உன்னால்தான் என்று கத்தினான். ஆமாம், என்னால்தான் என்றேன். நான் எதிர்த்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது, கத்துவதை நிறுத்திவிட்டான். பிறகு நான் ஒன்று கேட்டேன். நம் கொல்லை வரப்பு வழியாக விடிகாலையில் யார் யார் போகிறார்கள் என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்றான். சொல்லு என்றேன். கொஞ்சம் யோசித்து, பால் ஊற்றப் போகிற பெண்கள், பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே போகிற பிள்ளைகள், களை எடுக்க வருகிறவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

வந்துட்டாங்க என்றான்.